பொய் சொன்ன மீட்டர்

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம் இருந்திருக்க வேண்டும் என்பதில் போய் நிற்பார்கள், இல்லாவிட்டால் உயிரைப் பணயம் வைத்து உள்ளேயே தங்கிய அந்த "ஐம்பது பேர்" கதையில் போய் நிற்பார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் பாய்லர் ஹவுஸில் நீர்மட்டத்தை அளக்கும் லெவல் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி மாட்டியே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அந்தக் கதையில் வயிற்றைக் கலக்கும் இடம் வேறு. 2011 மார்ச் 11, இரவு 9.19 மணி.

முன்கதை எல்லோருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மதியம் 2.46க்கு 9 ரிக்டர் என்று நம் டிவிக்காரர்கள் சொன்ன அந்த நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3 உலைகள் தானாக நின்றன. வெளியிலிருந்து வரும் கரண்ட் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் கிளம்பின. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சுமார் ஐம்பது நிமிடம் கழித்து சுனாமி. 5.7 மீட்டர் அலைக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள், முதல் நான்கு உலைகள் நின்ற தரையே கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர்தான், வந்த தண்ணீர் 14, 15 மீட்டர். கீழ்த்தளத்தில் இருந்த ஜெனரேட்டர், சுவிட்ச்போர்டு எல்லாம் முழுகிவிட்டன, 1, 2 உலைகளின் பேட்டரிகளும் சேர்த்து.

"உலைதான் நின்றுவிட்டதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: விறகை இழுத்த பிறகும் அடுப்பில் தணல் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் மிச்சம் இருக்கும். இருப்பதிலேயே சின்னதான 1ஆம் உலைக்கே அது 90 மெகாவாட்டுக்குப் பக்கம். மணிக்கு மணி குறையும், ஆனால் பூஜ்யத்துக்கு வராது. மேலே தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும், நிற்கிறதா என்று தெரிந்துகொண்டே இருக்கவும் வேண்டும். இரண்டாவது விஷயத்தைத்தான் யாரும் பேசுவதில்லை.

1, 2 உலைகளின் கன்ட்ரோல் ரூமில் விளக்கும் இல்லை, ஒரு மீட்டரும் வேலை செய்யவில்லை. டார்ச் வெளிச்சத்தில் பஸ், கார்களிலிருந்து கழற்றிய பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டை சீரியலாக இணைத்து 24 வோல்ட் ஆக்கி, பேனலுக்குப் பின்னால் கையைவிட்டு ஒவ்வொரு மீட்டராக உயிர்ப்பித்திருக்கிறார்கள். வந்த அளவை மீட்டருக்குப் பக்கத்திலேயே பேனல் மேல் நேரத்தோடு கையால் எழுதிவைத்தார்கள், அந்தப் புகைப்படங்கள் இணையத்தில் இருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் நைட் ஷிப்ட் லாக் புக் எனக்கு ஞாபகம் வரும்.

அப்படி 9.19க்கு 1ஆம் உலையின் நீர்மட்ட மீட்டர் உயிர் பெற்றது. எரிபொருளின் தலைக்கு மேலே 200 மில்லிமீட்டர் தண்ணீர் இருப்பதாகக் காட்டியது. அப்பாடா என்றிருக்கும். 10 மணிக்கு 550 மில்லிமீட்டர். ஏறுகிறது!

அத்தனையும் பொய். பின்னாளில் போட்ட கணக்கின்படி மாலை 6 மணி வாக்கிலேயே எரிபொருள் தண்ணீருக்கு வெளியே தெரிந்துவிட்டது, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் உருக ஆரம்பித்துவிட்டது.

ஏன் பொய் சொன்னது? இந்த வகை மீட்டருக்கு இரண்டு கால் உண்டு. ஒரு காலில் எப்போதும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், இன்னொரு கால் எரிபொருள் இருக்கும் உலைக் கலத்தின் அடியில் இணைந்திருக்கும், இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று கணக்குச் சொல்லும். முதல் காலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போனால் வித்தியாசம் குறையும், மீட்டர் "உள்ளே நிறைய இருக்கிறது" என்று நினைத்துக்கொள்ளும். மீட்டர் பழுதாகவில்லை. தன் கணக்குப்படி சரியாகத்தான் சொன்னது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஆலை பெயர் வேண்டாம், பாய்லர் டிரம் லெவல் நிறைந்து வழிவதாகக் காட்டியது, தண்ணீர் உள்ளே விடும் ஃபீட் வால்வை மூட ஆபரேட்டர் கையை வைத்துவிட்டார். ஃபோர்மேன் அண்ணன் ஓடிவந்து, "டேய் தம்பி, மீட்டரைப் பாக்காத, மேல போய்க் கண்ணாடியப் பாரு" என்று கத்தினார். கேஜ் கிளாஸில் பார்த்தால் தண்ணீர் அடியில் கிடக்கிறது. அந்த முதல் காலின் டிரெயின் வால்வு கசிந்து, காலில் தண்ணீரே இல்லை. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் டியூப் போயிருக்கும். எங்களுக்கு ஓடிப்போய்ப் பார்க்க ஒரு கண்ணாடி இருந்தது, அவர்களுக்கு அது இல்லை. அணு உலைக்குக் கேஜ் கிளாஸ் வைக்க முடியாது.

வேறு சாட்சிகள் இருந்தன. 9.51க்கு உலைக் கட்டடத்துக்குள் கதிர்வீச்சு ஏறி, யாரும் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தண்ணீருக்குள் பத்திரமாக இருக்கும் எரிபொருளிடமிருந்து கதிர்வீச்சு ஏன் திடீரென்று ஏற வேண்டும்? 11.50க்கு ஒரு சின்ன ஜெனரேட்டரை வைத்து கன்டெய்ன்மென்ட், அதாவது கலத்தைச் சுற்றியுள்ள காப்புக் கூட்டின், அழுத்த மீட்டரை உயிர்ப்பித்தபோது அது வடிவமைப்பு வரம்பையும் தாண்டி 600 கிலோபாஸ்கல் என்றது. நிலைய இயக்குநர் யோஷிதாவுக்கு விஷயம் உறைத்தது அப்போதுதான், அவரே பிறகு அப்படித்தான் சொன்னார். அதுவரை கரண்ட் இல்லாமலே குளிர்விக்கும் அந்த ஐசோலேஷன் கண்டென்சர் ஓடிக்கொண்டிருப்பதாகவே அவர் இருந்த கட்டடத்தில் நம்பிக்கொண்டிருந்தார்கள். சுவரில் "பன்றி மூக்கு" என்று அவர்கள் கூப்பிடும் இரண்டு துவாரங்களில் லேசாக ஆவி வருவதைப் பார்த்து, ஓடுகிறது என்றிருக்கிறார்கள். அது நிஜமாக ஓடினால் ஆவி எவ்வளவு பாயும், எவ்வளவு சத்தம் போடும் என்று அந்த ஷிப்டில் யாரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இதைச் சொன்னால் ஆபரேட்டர்களைக் குறை சொல்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். எல்லாம் இருட்டாக இருக்கும்போது உயிரோடு வரும் ஒரே ஒரு முள் நல்ல செய்தி சொன்னால் நானும் நம்பியிருப்பேன், நீங்களும் நம்பியிருப்பீர்கள். என் கோபமெல்லாம் அந்த மீட்டர் எந்த நிலைமையில் பொய் சொல்லும் என்று தெரிந்தும் அதை ஒரு பயிற்சியில்கூடச் சேர்க்காத மேலிடத்தின் மேல்தான்.

மறுநாள் பிற்பகல் 3.36க்கு 1ஆம் உலைக் கட்டடத்தின் மேல்தளம் ஹைட்ரஜனால் வெடித்தது, உலகமே பார்த்தது. உலகம் பார்க்காத காட்சி இரண்டு மாதம் கழித்து வந்தது. மே மாதம் ஆட்கள் உள்ளே போய் அந்த நீர்மட்ட மீட்டரைக் காலிபரேட் செய்தார்கள், அதாவது சரிபார்த்துத் திருத்தினார்கள். எங்கள் மாதிரி ஆட்கள் தினமும் செய்கிற வேலை. செய்து முடித்ததும் உண்மை வந்தது: தண்ணீர் எரிபொருளின் தலைக்குக் கீழே 5 மீட்டருக்கும் மேல் இறங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனம் எரிபொருள் உருகிவிட்டதை ஒப்புக்கொண்டது. "உருகியது" என்ற சொல்லையே பயன்படுத்தாதே என்று அப்போதைய தலைவர் உத்தரவிட்டிருந்தது 2016இல் தனியாக வெளியே வந்தது. மீட்டர் தெரியாமல் சொன்ன பொய்யை இவர்கள் தெரிந்தே சொன்னார்கள்.

4ஆம் உலையின் கதை தலைகீழ். அங்கே உலைக்குள் எரிபொருளே இல்லை, எல்லாம் மேலே எரிபொருளைத் தண்ணீரில் போட்டு வைக்கும் குளத்தில், புதியதும் பழையதுமாக 1,535 கட்டுகள். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்ல வேலை செய்யும் மீட்டர் ஒன்று இல்லை. கட்டடம் வெடித்ததும் குளம் வற்றிவிட்டது என்று அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவரே அவர்கள் நாடாளுமன்றத்தில் சொன்னார், தங்கள் மக்களை 80 கிலோமீட்டர் விலகச் சொன்னார்கள். தண்ணீர் இருந்தது! பக்கத்து உலைக்கிணற்றில் வேலைக்காக நிரப்பி வைத்திருந்த தண்ணீர், வேலை தாமதமானதால் வடிக்கப்படாமல் கிடந்து, தடுப்புக் கதவு வழியாகக் குளத்துக்குள் கசிந்து வந்திருக்கிறது. அதிர்ஷ்டத்தை இவ்வளவு பச்சையாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மறு ஆண்டு மார்ச்சில் அமெரிக்க ஆணையம் தன் நாட்டு உலைகளுக்குப் போட்ட உத்தரவுகளில் ஒன்று என்ன தெரியுமா, குளத்துக்கு நம்பகமான நீர்மட்ட மீட்டர் வையுங்கள் என்பது.

சரி, பட்டுத் தெரிந்துகொண்டார்களா? 2011 டிசம்பரில் "நிலைப்படுத்திவிட்டோம்" என்று பிரதமர் அறிவித்தார். 2013 மார்ச்சில் லாரி மேல் தற்காலிகமாக வைத்திருந்த சுவிட்ச்போர்டுக்குள் ஒரு எலி புகுந்து ஷார்ட் ஆகி, குளங்களின் குளிர்விப்பு ஒரு நாளுக்கும் மேல் நின்றது. எலியை மன்னித்துவிடலாம், மராமத்து நேரத்தில் எதுவும் நடக்கும்.

மன்னிக்க முடியாதது 2021. பிப்ரவரி 13 இரவு அதே கடலில் 7.3 அளவில் நிலநடுக்கம். சேதமடைந்த கட்டடம் எப்படி ஆடியது என்று அளக்கவே 3ஆம் உலையில் முந்தைய ஆண்டு இரண்டு நிலநடுக்கமானிகள் வைத்திருந்தார்கள். இரண்டுமே வேலை செய்யவில்லை. ஒன்று மழைத் தண்ணீரில் மூழ்கிக் கெட்டது, இன்னொன்றும் சில மாதத்தில் போனது, தெரிந்தும் மாற்றவில்லை. அதே நிலநடுக்கத்துக்குப் பிறகு 1, 3 உலைகளின் கன்டெய்ன்மென்டில் நீர்மட்டம் இறங்கியது. எவ்வளவு குலுங்கியதால் இறங்கியது என்று ஒப்பிட 3ஆம் உலைக்குள் எடுத்த பதிவு இல்லை. பத்து வருடம் கழித்து, அந்த இடத்தில்! படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்றால் வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் உண்மை.

இப்போது நிலைமை இது. உருகிக் கிடப்பது சுமார் 880 டன் என்று மதிப்பிடுகிறார்கள், 2024 நவம்பரில் தூண்டில் மாதிரி நீண்ட கம்பியை விட்டு 2ஆம் உலையிலிருந்து முதன்முதலாக வெளியே எடுத்தது 0.7 கிராம். 1ஆம் உலையில் கலத்தைத் தாங்கும் பீடத்தின் அடியில் கான்கிரீட் கரைந்து கம்பி வெளியே தெரிவதை ரோபோ படம் எடுத்திருக்கிறது. அந்தப் பீடத்தின் மேல்தான் கலம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தாங்கும் என்கிறார்கள், தாங்கட்டும். ஃபுகுஷிமா கடலில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் எல்லோரும் சுனாமி எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் கட்டடத்துக்குள் எடுத்த அதிர்வு அளவை வெளியிட்டிருக்கிறார்களா என்று தேடுவேன்.