ஃபாதரைக் கூப்பிட நாள் கடத்தாதீர்கள்

கத்தோலிக்கத் திருச்சபையில் நோயாளிக்கு ஃபாதர் ஜெபித்து எண்ணெய் பூசுவதுதான் நோயில்பூசுதல். ஒரு கட்டுரையில் இதைச் 'சாகும் நேரச் சடங்கு' என்று எழுதியிருந்தார்கள். அது பழைய புரிதல். 'அவஸ்தைப் பூசுதல்' (மரணத் தறுவாயில் பூசுவது) என்ற அதன் பழைய பேரே பாதிப் பயத்தைக் கிளப்பிவிட்டது. ஃபாதர் வந்தால் ஆள் போய்விடுவார் என்று பயந்து, நினைவு தப்பிய பிறகுதான் பல வீடுகளில் சொல்லியனுப்புகிறார்கள். அப்போதும் எண்ணெய் பூசலாம். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது ஃபாதரிடம் பாவங்களை அறிக்கையிட, பேச்சு வராது; கிறிஸ்துவின் உடலாக ஏற்கும் அப்பமான நற்கருணையை விழுங்க முடியாது. இழப்பு அங்கேதான்.

இந்தப் பூசுதலைப் பெரிய ஆபரேஷனுக்கு முன்பே, முதுமையில் தளர்ந்ததுமே பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். 1972-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் திருத்திய முறைப்படி நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறார்கள். முன்பு ஐம்புலன்களிலும் பூசினார்கள்.

மரிப்பவருக்கான கடைசி அருளடையாளம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) எண்ணெய் அல்ல, மறுவுலகப் பயணத்துக்கு வழியுணவாகக் கொடுக்கும் நற்கருணை. விழுங்கச் சிரமமென்றால் அப்பத்தில் ஒரு துணுக்கு போதும், பின்னாலேயே ஒரு ஸ்பூன் தண்ணீர். அதுவும் இறங்காதென்றால் திரு இரத்தம் (கிறிஸ்துவின் இரத்தமாக ஏற்கும் திராட்சை ரசம்) ஒரு சொட்டு தரலாம், ஆனால் ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நற்கருணைக்கு முன் இருக்கும் ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் இல்லை, பார்த்துக்கொள்பவருக்கும் இல்லை.

ஃபாதர் வரும்போது மேசையில் வெள்ளைத்துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), மெழுகுதிரி வைப்பது வழக்கம். ஆக்சிஜன் ஓடுகிற அறையென்றால் திரியைக் கொளுத்தவே கூடாது! உயிர் பிரிந்தது உறுதியானால் ஜெபம் மட்டும்தான், சந்தேகமிருந்தால் பூசுவார்கள்.