ஒட்டோசின்க்ளஸ் மீனுக்குத் தனி உணவு வேண்டும்

“புதுத் தொட்டியில் நான்கு ஒட்டோசின்க்ளஸ் விட்டால் போதும், பாசியையும் கழிவையும் தின்றே வாழும், தீனி தேவையில்லை” என்று மீன் தொட்டி வைப்போருக்குச் சிலர் எழுதும் யோசனையை நம்பி யாரும் மீன் வாங்கிவிட வேண்டாம். நான்கு சென்டிமீட்டர் அளவே வளரும் இந்தத் தென் அமெரிக்கக் கெளுத்தி, கண்ணாடியிலும் இலைகளிலும் படியும் மென்மையான பழுப்புப் பாசியையும் பச்சைப் படலத்தையும் மட்டுமே சுரண்டித் தின்னும். கரும் தாடிப் பாசியைப் பெரும்பாலும் தொடாது, மற்ற மீன்களின் கழிவை உண்ணவே உண்ணாது.

விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆறுகளில் பிடிக்கப்பட்டவை என்பதால், பிடிபட்ட நாள் முதல் கடைத்தொட்டி வரை சரியான உணவின்றி, பல வேளைகளில் வயிறு ஒட்டிய நிலையிலேயே நம் கைக்கு வந்து சேருகின்றன. அவற்றைப் பாசியே படியாத, மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் இன்னும் அடங்காத தொட்டியில் விட்டால், சில நாட்களிலேயே இறந்துவிடக்கூடும். வளர்ப்பவரோ மீன் நோஞ்சான் என்று நினைத்துக்கொள்கிறார். சில மாதங்கள் ஓடி நிலைபெற்ற தொட்டியில், ஆறு மீன்களுக்குக் குறையாமல் கூட்டமாக விடுங்கள். பாசி குறையும்போது லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டோ பசலைக்கீரையோ இரவில் வைத்து, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். கடையில் சக்கர் என்று கொடுக்கப்படும் பிளெக்கோ முப்பது சென்டிமீட்டரைத் தாண்டி வளரக்கூடிய வேறு மீன். சிறு தொட்டிக்கு அது மாற்றாகாது. வாங்குமுன் வயிற்றைப் பாருங்கள்: உருண்டிருக்க வேண்டும்.