கல்லூரி காட்டும் ஜிபிஏ வேறு, மெடிக்கல் ஸ்கூல் பார்க்கும் ஜிபிஏ வேறு

அமெரிக்காவில் ப்ரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் இளநிலைப் படிப்பு) படிக்கும் பிள்ளைகளுக்கு நம்மவர்கள் தரும் ஒரு அறிவுரை பெரிய கெடுதல் செய்கிறது: "முதல் வருஷமே கஷ்டமான சயின்ஸ் பாடங்களை எடுத்து முடிச்சிடு. மார்க் குறைஞ்சா திரும்ப எழுதிக்கலாம்." திரும்ப எழுதலாம்தான். ஆனால் பழைய மார்க் போகாது.

எம்.டி. (அமெரிக்காவில் இதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் போகிறது. கல்லூரி போட்டுத் தந்த ஜிபிஏவை (4.0 வரையிலான மார்க் சராசரி) அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மாணவர் படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்ட்டும் வந்தாக வேண்டும். பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி) எடுத்த ஒற்றைப் பாடமும் இதில் அடக்கம். எல்லாம் வந்த பிறகுதான் பாடம் பாடமாகச் சரிபார்த்துப் புதிதாகக் கணக்குப் போடுவார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் சேர்ந்த சயின்ஸ் ஜிபிஏ ஒன்று, மற்ற பாடங்களுக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று. புள்ளியியல் கணிதத்தில் சேரும். உளவியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சயின்ஸ் கணக்கில் வராது. ஏ பிளஸ்ஸுக்கும் 4.0தான், ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3. (டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்கான தனி விண்ணப்பத்தில் பிளஸ், மைனஸ் பார்ப்பதில்லை. அங்கே ஏ மைனஸும் 4.0தான்.)

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 4 கிரெடிட் (கிரெடிட் என்பது கணக்கில் அந்தப் பாடத்தின் எடை). முதல் தடவை சி, திரும்ப எடுத்து ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகள் பழையதை நீக்கிவிட்டு 4.0 என்று காட்டும். ஆம்காஸ் இரண்டையும் சேர்க்கும்: சிக்கு 2 வீதம் 8 புள்ளியும் ஏவுக்கு 4 வீதம் 16 புள்ளியும் சேர்ந்து 24, அதை 8 கிரெடிட்டால் வகுத்தால் 3.0. டி.ஓ. (எம்.டி. போலவே டாக்டராகத் தகுதி தரும் இன்னொரு பட்டம்) கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு புதிய மார்க்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2017இல் அந்தச் சலுகையும் போய்விட்டது.

சரிந்த ஜிபிஏவைத் தூக்குவது எவ்வளவு பாடு என்பதற்கும் கணக்கே சாட்சி. மூன்று வருடத்தில் 90 கிரெடிட், ஜிபிஏ 3.2. நான்காம் வருடம் 30 கிரெடிட்டிலும் ஏ வாங்கினால்கூட 3.4தான். பட்டம் முடித்து இன்னும் 30 கிரெடிட் ஏ வாங்கினால் 3.52. 2023–24இல் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி மொத்த ஜிபிஏ 3.77, சயின்ஸில் 3.71. பட்டத்துக்குப் பின் இளநிலைப் பாடங்களாக எடுத்தால் மட்டுமே இந்தக் கணக்கில் ஏறும். முதுகலை மார்க் தனியாக நிற்கும், இளநிலை ஜிபிஏவைத் தொடாது. "மாஸ்டர்ஸ் பண்ணிச் சரிக்கட்டிடலாம்" என்று பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் என் கருத்து: முதல் செமஸ்டரில் லேப் உள்ள சயின்ஸ் பாடம் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ் மூன்றையும் ஒன்றாகத் தலையில் ஏற்ற வேண்டாம். மிட்டெர்மிலேயே சி என்று தெரிந்தால், கடைசித் தேதிக்குள் பாடத்தை வித்ட்ரா செய்வது (பாதியில் விட்டு விலகுவது) நல்லது. அதற்குப் போடும் டபிள்யூ டிரான்ஸ்கிரிப்ட்டில் தெரியும், ஜிபிஏவில் சேராது. ஒன்றிரண்டு டபிள்யூவால் பெரிய பாதகம் இல்லை. செமஸ்டர்தோறும் வந்தால் கேள்வி வரும். முதல் வருடம் சறுக்கியவர்கள் மனம் தளரவும் வேண்டாம். ஆம்காஸ் வருடவாரியாகவும் ஜிபிஏவைக் காட்டுகிறது, 3.0இல் தொடங்கி 3.9க்கு ஏறியவரையும் 3.9இலிருந்து இறங்கியவரையும் தேர்வுக்குழு ஒரே மாதிரி பார்க்காது.

இந்தியாவில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே விண்ணப்பிக்க நினைப்பவர்களின் நிலை வேறு. அந்த மார்க்கை ஆம்காஸ் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. பல மெடிக்கல் ஸ்கூல்கள் தேவையான சயின்ஸ் பாடங்களை அமெரிக்க அல்லது கனடியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. கம்யூனிட்டி காலேஜில் படித்தால் ஏற்பார்களா, ஏபி (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கிரெடிட்டை ஏற்பார்களா என்பது மெடிக்கல் ஸ்கூலுக்கு மெடிக்கல் ஸ்கூல் மாறும். ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.