பாசி படித்தவரும் நம் ‘பிரயோஜனம்’ கேள்வியும்

மருத்துவம், பொறியியல், கணக்கியல் தவிர வேறு எதையாவது ஒரு பிள்ளை படிக்கிறேன் என்றால் நம் ஆட்களிடமிருந்து உடனே வரும் கேள்வி: “அதப் படிச்சு என்ன பிரயோஜனம்?” போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண வீட்டில் என் அக்கா மகளை இதே கேள்வியால் துளைத்துவிட்டார்கள். தாவரவியல் படிக்கப் போகிறேன், அதிலும் பாசி (ஆங்கிலத்தில் மோஸ்) வகைகள் பிடிக்கும் என்று சொல்லிவிட்டாள். “பாசியா? வழுக்கி விழத்தான் லாயக்கு” என்றார் ஒரு பெரியப்பா. பந்தியே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், பாவம்.

எனக்கு ரிச்சர்ட் ஸ்புரூஸ் நினைவுக்கு வந்தார். 1817-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு கிராமத்து வாத்தியாருக்குப் பிறந்தவர். அவரும் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தார். மனசு முழுக்கப் பாசியிலும் அதன் நெருங்கிய சொந்தமான லிவர்வர்ட்டிலும்தான். 1845-இல் பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலைக்குப் போனார். அதுவரை அங்கே இந்த இரண்டு வகையிலும் சேர்த்து 169 இனங்கள்தான் தெரிந்திருந்தன. இவர் வேலையை முடித்தபோது அது 478 ஆகியிருந்தது. மலை அதே மலைதான். குனிந்து பார்க்க ஓர் ஆள் வந்தார், அவ்வளவுதான்.

1849-இல் அமேசானுக்குக் கப்பல் ஏறியவர், அங்கேயும் ஆண்டீஸ் மலையிலுமாகப் பதினைந்து வருடம் கழித்தார். சேகரித்த செடிகளை இங்கிலாந்துக்கு அனுப்பி, அவை விற்ற காசில்தான் பிழைப்பு. ரப்பர் மரங்களையும், அங்குள்ளவர்கள் பால் எடுக்கும் விதத்தையும் பார்த்து 1855-இல் எழுதி அனுப்பினார். ஹெவியா ரப்பர் இனங்களில் ஒன்றுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். பிரேசிலிலிருந்து விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன விதையில் முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்தது பிறகு நடந்த கதை. அந்தப் பால்மரத்தை நம்பித்தானே நம் பாட்டன்மார் கப்பல் ஏறினார்கள்?

அப்புறம் கொயினா. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்து. பிரிட்டிஷ் அரசாங்கம் அந்த மரத்தை இந்தியாவில் வளர்க்க நினைத்தபோது, விதை சேகரிக்கும் வேலை ஸ்புரூஸ் தலையில் விழுந்தது. 1860-இல் எக்குவடோரின் சிம்போராசோ மலையடிவாரத்தில் சிவப்புப் பட்டை சின்கோனாவின் ஒரு லட்சம் விதைகளையும் அறுநூற்றுக்கு மேற்பட்ட கன்றுகளையும் சேர்த்தார். கன்றுகள் தெப்பத்தில் ஆற்று வழியே துறைமுகம் போய், அங்கிருந்து நீலகிரி வரை போயின. எங்கள் பாட்டி செபராங் பிறையில் தோட்டத்தில் பிறந்தவர். விடியற்காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நிறுத்தி வாயில் கொயினா ஊற்றியதைச் சொல்லும்போதே முகம் கோணும். கிளாங்கில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901-இலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொசுவை அடக்கியது ஒரு பக்கம். தோட்டத்து ஆளுக்கு மலேரியாவில் துணை அந்தக் கசப்புதான்.

இதைச் சொல்லிப் பெரியப்பாவின் வாயை அடைத்திருக்கலாம்தான். “நீங்க கிண்டல் பண்ற பாசிக்காரர்தான் உங்க தாத்தாவுக்கு மருந்துக்கு வழி பண்ணினார்” என்றால் பந்தி கைதட்டியிருக்கும். ஆனால் எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. முதலாவது, அது முழு உண்மையில்லை. பிற்காலத்தில் உலகத்துக்குக் கொயினா கொடுத்தது பெரும்பாலும் ஜாவா. அங்கே வளர்ந்தது லெட்ஜர் என்பவர் வாங்கி அனுப்பிய வேறு இனம். ஸ்புரூஸ் சேர்த்த சிவப்புப் பட்டை இனம் அதற்கு ஒட்டுக்கட்டும் அடிக்கன்றாகப் பயன்பட்டது.

இரண்டாவது, பிரயோஜனம் அந்த மனிதருக்கு என்ன செய்தது? சின்கோனா வேலை நடந்த அதே 1860-இல் முதுகும் காலும் செயலிழந்தன. பாதி நாள் ஊன்றுகோல், பாதி நாள் படுக்கை என்றுதான் அந்த வேலையை முடித்தார். அடுத்த வருடம் சேமிப்பெல்லாம் போட்டு வைத்திருந்த நிறுவனம் எக்குவடோரின் துறைமுக நகரான குவயாகிலில் திவாலானது. 1864-இல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அரசாங்கம் கொடுத்த ஓய்வூதியம் வருடத்துக்கு 50 பவுன். சின்கோனாவுக்காக இந்திய அரசு இன்னொரு 50 பவுன் கொடுக்க 1877 வரை ஆயிற்று, அதுவும் மார்க்கம் என்ற அதிகாரி விடாமல் மன்றாடிய பிறகு. நம்ம ஊர் அலுவலகங்கள் பரவாயில்லை போலிருக்கிறது.

அவர் உயிரைப் பிடித்து வைத்தது அந்தப் ‘பயனற்ற’ பாசிதான் என்று நான் சொல்வேன். 1857-இல் எக்குவடோரின் கனேலோஸ் காட்டில் மழையிலும் வெள்ளத்திலும் மாட்டிக்கொண்டபோது, ஒரு சாதாரணப் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கஷ்டமெல்லாம் சற்று நேரம் மறந்துபோனதற்கு வானத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பிய பின் மேசையில் உட்காரவே முடியாதவர், சாய்ந்தபடி, ஒரு தடவைக்குச் சில நிமிடம் மட்டும் நுண்ணோக்கியில் பார்த்து, அமேசான், ஆண்டீஸ் லிவர்வர்ட்டுகளைப் பற்றி ஒரு பெரிய நூலை 1884-85-இல் வெளியிட்டார். எழுநூறுக்கு மேல் இனங்கள், அவற்றில் பெரும்பகுதி அறிவியலுக்கே புதியவை. இந்தச் செடிகள் மருந்துக்கும் ஆகாது, சாப்பாட்டுக்கும் ஆகாது, ஆனால் தமக்குத் தாமே பயனாகவும் அழகாகவும் இருக்கின்றன, அது போதாதா என்பது அவர் கட்சி. பெரியப்பாவுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்.

சம்பளம் முக்கியமில்லை என்று நான் பேச வரவில்லை. வீட்டுக் கடனும் கார்க் கடனும் எனக்கும் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் வேலைக்கு என்ன வழி என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பந்தியில் வைத்துச் சிரிக்கக் கூடாது.

பினாங்குக் கொடிமலைக்கு ரயிலில் ஏறி, படம் எடுத்து, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு இறங்குகிறோம் அல்லவா? 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இடம் அது. அடுத்த முறை ஜீப் ரோட்டில் கொஞ்சம் நடந்து பாருங்கள். ஓரத்துக் கல்லில் பாசி மேல் மயிரிழைக் காம்புகள் நிற்கும், நுனியில் கடுகை விடச் சின்னக் குப்பிகள். மூடி விழுந்த குப்பியின் வாயைச் சுற்றிப் பல்வரிசை இருக்கும். மூச்சுக் காற்றின் ஈரம் பட்டாலே அந்தப் பற்கள் அசையும், உள்ளிருக்கும் வித்துத்தூள் எப்போது வெளியே போகலாம் என்று முடிவு செய்வது அவைதான். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு நாம்தான் பாசியிடம் குனிய வேண்டும், பிடுங்கக் கூடாது. மழை விட்ட மறுநாள் காலை நல்லது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது.