அதே கேள்வித்தாள்

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் என்கிற மீனவ ஊருக்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் புதிதாக ஒரு வெளிநாட்டுத் தன்னார்வலர் வருகிறார், மொழிபெயர்க்க நானும் கூடப் போகிறேன், கையில் அதே கேள்வித்தாள். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, வருமானம் எவ்வளவு. மரிக்கொழுந்து என்கிற கடற்பாசி எடுக்கக் கடலில் முங்கிவிட்டு வந்த அக்காமார் விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் ஈரத்தோடு நின்று பதில் சொல்கிறார்கள். "போன தடவை வந்த பிள்ளகிட்டயும் இதத்தானே சொன்னோம் தம்பி, அது என்னாச்சு?" என்ன சொல்ல நான்? வருகிற பிள்ளைகள் நல்லவர்கள்தான், தோல் உரிய வெயிலில் அலைகிறார்கள். அனுப்புகிறவர்கள் பழைய தாளை ஒருமுறை புரட்டக் கூடாதா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவானதிலிருந்து அங்கே பாசி எடுக்கத் தடை, அக்காமாரின் பெரிய கவலையே அதுதான், அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.