சும்மா விடுவதற்கு முன்னால்

முழுப்பரீட்சை முடியப்போகுது. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: "லீவுக்கு அபாகஸ் வகுப்பா, இந்தி வகுப்பா, எதுல சேர்க்கலாம்?" என்னைக் கேட்டால் எதிலும் வேண்டாம். மே மாசம் பிள்ளைகளைச் சும்மா விடுங்கள். ஆனால் பிள்ளை சும்மா இருக்கணும்னா, அதற்கு முன்னால் பெரியவர்களுக்கு ஒரு வார வேலை கிடக்கு. அந்த வேலையைச் செய்யாத வீட்டில்தான் லீவு முழுக்க "அங்க போகாத, இதத் தொடாத" என்ற சத்தம் கேட்கும்.

முதல் வேலை தண்ணீர். ஊர்க்குளம் வற்றிக் கிடக்கும்போதே ஒரு சாயங்காலம் உள்ளே இறங்கி நடந்து பாருங்கள். கோடையில் வண்டல் அள்ளுகிற வண்டிகள் குளத்துக்குள் செங்குத்தான பள்ளங்களை விட்டுவிட்டுப் போகும். ஒரு கோடைமழையில் தண்ணி கட்டிவிட்டால் பள்ளம் எங்கே என்று கரையிலிருந்து தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்து போகிற பிள்ளை அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடும். பள்ளம் எந்தப் பக்கம், மடைக்கு எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். "குளத்துக்குப் போகாதே" என்று நூறு தடவை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

நீச்சல் பழக்க நம்மூரில் முன்பு சுரைக்குடுக்கை. இப்போது எண்ணெய் கேன். 5 லிட்டர் காலி கேன் இரண்டை, மூடியை இறுக்கி, முதுகில் கட்டுங்கள். கயிறு அக்குளுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றி வரணும். இடுப்பில் கட்டினால், அல்லது நெஞ்சில் கட்டியது இடுப்புக்கு வழுக்கினால், கேன் இடுப்பைத் தூக்கும், தலை தண்ணிக்குள் போகும். பெரும்பாலும் பயம் பிடிப்பது இங்கேதான். முதலில் மல்லாந்து மிதக்கப் பழக்குங்கள், கையும் காலும் பிறகு. ஓரளவு வந்ததும் ஒரு கேன், அப்புறம் கேன் இல்லாமல். ஒரு நிமிஷம் எதையும் பிடிக்காமல் மிதக்கத் தெரியாத பிள்ளைக்கு "நீச்சல் தெரியும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். லாரி டியூப்பை நான் நம்புவதில்லை; கை வழுக்கினால் டியூப் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.

குளிக்கிற இடத்தில் 15 மீட்டர் நைலான் கயிறும், நுனியில் கட்டிய கேனும் எப்போதும் இருக்கட்டும். கேனுக்குள் அரை லிட்டர் தண்ணி விட்டு மூடுங்கள். வெறும் கேன் காற்றில் திரும்பிவிடும், எறிந்த இடத்துக்குப் போகாது. மூழ்குகிற பிள்ளை சினிமாவில் மாதிரி கத்தாது. வாய் தண்ணி மட்டத்தில், உடம்பு நெட்டுக்குத்தலாக, சத்தமே இருக்காது. கூட இருக்கிற சிறுசுகள் குதிக்கக் கூடாது, கேனை எறியணும், கூப்பாடு போடணும். வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுச் சுற்றுவது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலை. வாந்தி மூச்சுக்குழலில் இறங்கவும் வாய்ப்பு. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதணும், நெஞ்சை அழுத்தணும். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்குப் போன் போடணும்.

குற்றாலம் பற்றி ஒரு வார்த்தை. சீசன் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூனில். பள்ளிக்கூடம் திறக்கிறதும் அப்போதுதான். நம்ம பிள்ளைகள் வாங்கிவந்த வரம்! மே மாசம் அருவி நூலாக வடிகிறதே என்று அசட்டையாக நிற்கக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டலாம். தண்ணி கலங்கினாலோ, சருகும் குச்சியும் வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சோப்பையும் துண்டையும் தேடாமல் மேடேறணும்.

ஆரியங்காவு தாண்டி புனலூர், கொல்லம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளாவில் 2024-இல் குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். வெதுவெதுப்பான தேங்கிய நீர் மூக்கில் ஏறும்போதுதான் அது தொற்றும், குடிப்பதால் வராது. அசையாத குளத்தில் தலைகீழாகப் பாய்வது, அடிச்சேற்றைக் கலக்குவது, இரண்டும் கூடாது. குளித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமே "குளத்துல குளிச்சான்" என்று இருக்கட்டும்.

ஆச்சி வீட்டுக்குப் போகிற பையில் துணிமணியோடு ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச்சர்க்கரைப் பொடி) நாலு பாக்கெட். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணிக்குச் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவு வேண்டாம். நாய் கடித்தாலும் பிராண்டினாலும், குட்டி நாயே ஆனாலும், ஓடும் தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. ரத்தம் வந்திருந்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து) போடணுமா என்று கேளுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி அப்பும் கையை ஆச்சியிடம் முன்கூட்டியே பேசித் தடுத்துவைப்பது உங்கள் பொறுப்பு. பாம்பு கடித்தால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, பிள்ளையை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகணும்.

இவ்வளவும் ஆனபின் விட்டுவிடுங்கள். 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழல், நுங்கு, தாயம், தூக்கம். மற்ற நேரம் தெரு அவர்களுடையது. செல்லாங்குச்சிக்கு (கிட்டிப்புள்) வேம்போ புளியங்கம்போ ஒன்றரை அடி, புள் நாலு விரற்கடை. நுனியை ஊசியாகச் சீவாமல் மழுக்கிக் கொடுங்கள், கண்ணுக்கு ஊசிமுனைதான் பகை. முதல் மூணு நாலு நாள் "போரடிக்குது" என்று காலைச் சுற்றுவார்கள். அப்போது போனைக் கையில் கொடுத்தால் மே முழுக்க அதுதான். கொடுக்காவிட்டால் அஞ்சாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டாலே வரமாட்டார்கள்.