மேய்ப்பன் என்றால் கணக்கு காட்டணும்

மைக் பிடிக்கிற எல்லாருக்கும் இப்போது ஒரே உவமைதான் கிடைக்கிறது. கட்சிக் கூட்டமானாலும் சரி, கல்லூரி ஆண்டு விழாவானாலும் சரி, எங்கள் சபைப் பிரசங்கமானாலும் சரி, தலைவர் மேய்ப்பன், நாம் மந்தை, மேய்ப்பன் காட்டுகிற வழியில் வாயைத் திறக்காமல் போகணும், கேள்வி கேட்டுக்கொண்டு தனியாகப் பிரிகிற ஆடு ஓநாய்க்குத்தான் போகும். காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற வழியில் கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தை கூடுவதை ஒரு தடவை நின்று பார்த்தவர் இவ்வளவு தைரியமாக நம்மை ஆடு என்று சொல்வாரா தெரியவில்லை. மேய்ப்பன் பின்னாடி ஒழுங்காக வந்த ஆடுகள்தான் அங்கே நிற்கின்றன. கறி பிரியாணிக்கு, தோல் ராணிப்பேட்டைக்கு.

இது ஒன்றும் புதுக் கிண்டல் இல்லை. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் திராசிமாக்கஸ் என்று ஒரு கோபக்காரர் சாக்ரடீஸை இதே இடத்தில்தான் மடக்குகிறார்: மேய்ப்பன் ஆட்டைக் கொழுக்க வைப்பது ஆட்டின் நன்மைக்கா, எஜமானின் நன்மைக்கா? மேய்க்கிற தொழிலுக்கு ஆட்டின் நலம் மட்டும்தான் குறி, அதில் காசு பார்ப்பது வேறு தொழில் என்று சாக்ரடீஸ் பதில் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

ஆனாலும் உவமையைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. அது வந்த இடமான பைபிளுக்கே போய்ப் பார்த்தால் ஆட்டுக்குப் புத்தி சொல்கிற பேச்சே குறைவு, கேள்வியெல்லாம் மேய்ப்பனைப் பார்த்துத்தான். ஆதியாகமம் 31இல் யாக்கோபு மாமனார் லாபானிடம் வெடிக்கிறான். இருபது வருஷம் உம்மிடம் வேலை செய்தேன், பகலில் வெயில், ராத்திரி குளிர், தூக்கம் கிடையாது, மிருகம் கிழித்துப் போட்டதை உம் தலையில் கட்டாமல் நானே நஷ்டப்பட்டேன், திருட்டுப் போனதற்கும் என்னிடமே வசூல் பண்ணினீர் என்கிறான். யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது: மேய்க்கக் கொடுத்த பிராணியை மிருகம் அடித்துவிட்டது என்றால், கிழிபட்டதைக் கொண்டுவந்து சாட்சி காட்டணும், காட்டினால் ஈடு கட்ட வேண்டியதில்லை.

எங்கள் அம்மா வழிச் சொந்தம் பேரணாம்பட்டுப் பக்கம். அங்கே ஆட்டை வாரத்துக்கு விடுவார்கள், தாய் ஆடு ஒருத்தருடையது, மேய்ப்பது இன்னொருத்தர், குட்டியில் பாதிப் பாதி. காட்டோரம் என்பதால் சிறுத்தை பயம் உண்டு, ஊருக்குள் தெருநாய் அதைவிட மோசம். ஆடு செத்தால் செத்த ஆட்டைக் காட்டணும், வாய்ச்சொல் செல்லாது. ஆனால் எங்கள் அத்தை முதலில் கேட்பது அதையும் இல்லை. “அண்ணே, மழைக்கு முன்னாடியே ஊசி போட்டீங்களா?” என்பதுதான். மழை விழுந்து புதுப்புல் தளதளவென்று கிளம்பியதும் ஆடு அளவில்லாமல் மேய்ந்துவிடும், குடலில் கிருமி பெருகி விஷமாகி, காலையில் நன்றாக இருந்த ஆடு சாயங்காலத்துக்குள் துள்ளி விழுந்து செத்துப்போகும். துள்ளுமாரி. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடணும், புதுப்புல்லில் ஆட்டை மட்டுப்படுத்தணும். பசுமை தெரிகிற பக்கமெல்லாம் ஓட்டிப் போகிறவரிடம் அத்தை இரண்டாவது தடவை ஆடு விடமாட்டாள். எல்லாம் முடிந்தபிறகு வந்து கண்ணீர் விடுகிறவரிடமும் விடமாட்டாள்.

அப்புறம் இந்த ‘செம்மறியாட்டுக் கூட்டம்’ என்கிற வசவு. 2022இல் ‘நேச்சர் பிசிக்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. சின்னச் சின்ன ஆட்டுக் கூட்டங்களைப் படம் பிடித்துப் பார்த்ததில், ஒவ்வொரு தடவை கூட்டம் இடம் மாறும்போதும் ஒரு ஆடு முன்னால் போகிறது, மற்றவை தொடர்கின்றன, அடுத்த தடவை முன்னால் போவது வேறொரு ஆடாக இருக்கிறது. ஒரே ஆள் நாற்பது வருஷம் தலைவராக உட்கார்ந்திருக்கிற சங்கங்களை நினைத்துக்கொண்டே படித்தேன், சிரிப்பு வந்தது.

எங்கள் சபையில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்கிற 23ஆம் சங்கீதம் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். எசேக்கியேல் 34 பிரசங்க மேடைக்கு வந்து நான் கேட்டது அபூர்வம். மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொள்கிற மேய்ப்பர்களைப் பார்த்து, என் ஆடுகளை உங்கள் கையில் கேட்பேன் என்று கடவுளே சொல்கிற அதிகாரம் அது. கொழுத்த ஆடுகள் இளைத்தவற்றை விலாவாலும் தோளாலும் தள்ளுவதுகூட அதில் வருகிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அந்தக் கதைகளில் ஆட்டுக்குச் சொந்தக்காரர் வேறொருவர், மேய்ப்பன் அவருக்குக் கணக்குக் கொடுத்தான். ஊராட்சியிலும் சட்டமன்றத்திலும் அப்படித் தனியாக ஒரு சொந்தக்காரர் கிடையாது. மேய்ப்பனுக்குக் கூலி நம் வரியிலிருந்து போகிறது, வேலைக்கு வைத்ததும் நாம்தான், ஆகவே கணக்கும் நம்மிடம்தான் வரணும். அதற்குத்தான் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை வைத்திருக்கிறார்கள். பல ஊரில் கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இந்த ஆகஸ்ட் 15க்கு நான் எங்கள் ஊருக்குப் போகிறேன், குடிநீர்க் குழாய்ச் செலவை வரி வரியாக வாசிக்கச் சொல்லப்போகிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் அவரவர் ஊரில் கேளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பத்து மணிக்கே வந்துவிடுங்கள், ஒருத்தனாக எழுந்து கேட்டால் “நீ எந்தக் கட்சிப்பா?” என்று உட்கார வைத்துவிடுவார்கள்.